எறும்பு கடித்த மாதிரி ஒரு டபுள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் என்னை 'டபுள்' சொல்லி மண்ணைக் கவ்வ வைத்த ஆள், தாமிரபரணி பாயும் சீமையில் இன்னும் பிறக்கவில்லை.

பொய். பிறந்து, நர்சுக்குப் படித்து, குவைத்துக்குப் போய் வருஷக்கணக்கில் ஊசி போட்டு, ஊர் திரும்பி, பாளையங்கோட்டையில் என் கடைக்கு எதிர்த் தெருவில் வாடகைக்கு வந்து, சாயங்காலம் சாயங்காலம் என்னை மண்ணைக் கவ்வ வைத்தார். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால், "ஏலே, என் பேரை எதுக்கு இழுக்கே?" என்று மேலே இருந்து கேட்பார். தெருவுக்கே அவர் அக்கா. எனக்கும் அக்கா.

அந்த அக்காவின் வீடு பறிபோகப் பார்த்தது. அதை அவர் ஒரே ஒரு டபுளில் காப்பாற்றினார். காப்பாற்றியதை நான் கெடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு பிடித்துப்போயிற்று. இதில் எழுத்துப்பிழை இல்லையென்றால் என் மகள் புண்ணியம். பொய்களை அவள் தொட மாட்டாள்.

அக்கா வீட்டு மின்விசிறி சுற்றாமல் நின்ற அன்றுதான் முதலில் அங்கே போனேன். ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருக்கிறேன், கீழே மேசையைச் சுற்றி மூன்று பேர். அக்கா. வீட்டின் சொந்தக்காரர் அண்ணாச்சி, மாடியில் குடியிருப்பு, பெயிண்டுக் கடை வைத்திருந்தார். மூன்றாவது, ரிடையர்டான ஒரு போஸ்ட்மாஸ்டர். பேசினால் தபால்தலை செலவாகும் என்பதுபோல வாயே திறக்க மாட்டார். நாலாவது ஆள் மதுரைக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் மூன்று பேரும் சீட்டுக்கட்டைப் பார்த்துக்கொண்டு எழவு வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள்.

அக்கா அண்ணாந்து பார்த்தார். "ஏலே, உனக்கு பிரிட்ஜ் தெரியுமா?"

"என்னக்கா அப்படிக் கேட்டுட்டிய? தொட்டில்ல கிடக்கும்போதே துருப்பு இறக்குன ஆளுல்லா நான்!"

"அப்படியா? இறங்கி வா. உக்காரு."

அதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் டபுள். எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆற்றங்கரை மண்டபத்தில் ஆடுகிற கழுதை ஆட்டம்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதால் இதிலும் பாதிதான் நம்ப வேண்டும். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஆடுவதற்கு முன்னால் ஒரு ஏலம்: ஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் நாலில் எந்த வகைச் சீட்டு துருப்பு, பதிமூன்று சுற்றில் எங்கள் ஜோடி எத்தனை பிடி எடுக்கும் என்று மாறி மாறி ஏற்ற வேண்டும். நல்ல சீட்டுக்காரர்கள் ஒண்ணு, ரெண்டு என்று பைய ஏறுவார்கள். ஜோடிக்குச் சேதி சொல்லிக்கொள்ளத்தான் அந்த நிதானம். கையில் ஒன்றும் இல்லாத கள்ளன் என்ன செய்வான்? ஒரே வகையில் ஏழெட்டுச் சில்லறைச் சீட்டை வைத்துக்கொண்டு எடுத்த எடுப்பில் "நாலு!" என்று கத்துவான். நாலு என்றால் ஆறுக்கு மேல் நாலு, பத்துப் பிடி. எடுக்கிற உத்தேசம் கிடையாது. மற்றவன் வாய் திறக்க இடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று பேர் இடத்தைப் பிடிக்கிறோமே, அந்த வேலை.

அதற்கு மருந்து டபுள். 'நீ சொல்வதை நான் நம்பவில்லை, தடுக்கவும் மாட்டேன், ஆடிக் காட்டு' என்று அர்த்தம். குறைகிற பிடிக்கெல்லாம் தண்டம் ஏறிக்கொண்டே போகும். புத்தகம் படித்து ஆடுகிறவர்கள் டபுளுக்கு வேறு வேறு அர்த்தம் வைத்திருக்கிறார்களாம். எங்கள் மேசையில் ஒரே அர்த்தம்: அகப்பட்டாய்.

தண்டம் புளியங்கொட்டையில். அக்கா வீட்டில் குழம்பு வைத்த புளியெல்லாம் இதற்கே கொட்டை கொடுத்தது.

முதல் நாள் அண்ணாச்சிதான் எனக்கு ஜோடி. ஒரு வாரமாவது சொல்லிக்கொடுத்தால் தவிர ஆட முடியாத ஆட்டத்தில், அரை மணி நேரம் கேட்டுவிட்டு எல்லாம் புரிந்ததாகத் தலையாட்டினேன். ஸ்பேடில் ஏழு சீட்டு வந்தது. ராஜா ராணி ஒருவரும் வரவில்லை. அவர்கள் வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் வந்திருந்தார்கள். "நாலு ஸ்பேடு!" என்றேன். தெருவில் போன நாய் நின்று பார்த்தது.

அக்கா இடது மணிக்கட்டைத் திருப்பினார். நாடி பிடிக்கிற நர்சுகள் மாதிரி வாட்சை உள்பக்கம் கட்டியிருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "டபுள்" என்றார்.

அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. சின்ன வயதில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல ராசா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார்களே, அந்தக் குரல். கோபம் கிடையாது, கேலி கிடையாது. பாசம்கூட இருக்கும்.

பத்துப் பிடி எடுப்பதாகச் சொன்னவன் நாலு எடுத்தேன். மேசை மேல் மடித்துப் போட்டிருந்த பத்தமடைப் பாயில் சீட்டு வழுக்கிக்கொண்டு அக்கா பக்கமே போயிற்று. அண்ணாச்சி சீட்டைக் கீழே போட்டார்.

"நர்ஸம்மா, இந்த ஆளு எனக்கு ஜோடியா வேண்டாம். கத்துததுக்கு ஏற்கனவே நான் ஒருத்தன் இருக்கேன்லா?"

அப்படித்தான் நான் அக்காவுக்கு ஜோடியானேன். அண்ணாச்சியும் என் ஜாதிதான். எடுத்ததும் நாலுதான் அவருக்கும். கடையிலும் அப்படித்தான் வியாபாரம். சுண்ணாம்பு வாங்க வந்தவனிடம், "இந்தப் பெயிண்ட அடிச்சா உம்ம பேரன் காலத்துலயும் செவரு பேசும்வே" என்பார். ஆனால் மனுஷன் நல்லவர். பெரிதாகச் சொல்லிவிட்டு, அதை நம்பி, பிறகு அதற்குப் பயப்படுகிற நல்லவர்.

அக்காவிடம் மேசைக்கு ஒரு குணம், தெருவுக்கு ஒரு குணம் கிடையாது. உவரியிலிருந்து ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் மீன் கொண்டுவருவார். ஒருநாள், "எக்கா, இப்பத்தான் கடல்ல இருந்து துள்ளிக்கிட்டு வந்தது. ஐஸையே பாக்காத மீனு" என்றார். நானாக இருந்தால் செவுளைத் தூக்கிப் பார்த்து, "எவன்ட்ட கதை விடுதீரு?" என்று சண்டை பிடித்திருப்பேன். அக்கா மணிக்கட்டைத் திருப்பினார்.

"அவ்வளவு புதுசா? அப்ப ஒண்ணு செய்யும். கூடையை இங்கன வெயில்ல வச்சிரும். நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து மத்தியானமா வாங்கிக்கிடுதேன். ஐஸ் பாக்காத மீனுக்கு வெயிலு என்ன செஞ்சிரும்?"

மீன்காரர் கூடையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "எக்கா, இதுல பாதி நேத்து மீனு" என்றார். பிறகு எங்கள் தெருவில் அவர் முதலில் அக்கா வீட்டு முன்னால் நின்று, எது இன்றைய மீன், எது நேற்றையது என்று தானாகவே பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் கூவவே ஆரம்பிப்பார்.

இன்னொரு தடவை நாங்கள் நாலு பேரும் பாபநாசம் போயிருந்தோம். ஆற்றில் தண்ணீர் புரண்டு போகிறது. "இதுக்கு ரெண்டு பங்கு தண்ணி வந்த காலத்துலயே இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துனவன் நான்" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. சும்மா வந்தது.

"சட்டையைக் கொண்டா" என்றார் அக்கா. வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்தார். "நீ பைய போயிட்டு வாலே. நான் இங்கன உக்காந்திருக்கேன்."

முழங்கால் வரைக்கும் போனேன். "அக்கா, சுளுக்கு" என்றேன்.

"எந்தக் கால்ல?"

"ரெண்டுலயும்."

போஸ்ட்மாஸ்டர் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். பல் இருக்கிறது என்றே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரி, என் பெரிய கூத்துக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் அண்ணாச்சி வழக்கம்போல் எடுத்ததும் "நாலு ஆட்டின்" என்றார். அக்கா டபுள். போஸ்ட்மாஸ்டர் 'பாஸ்' என்பதற்குத் தலையை ஆட்டினார். அடுத்து நான். ஜோடி தண்டத்துக்கு டபுள் சொல்லிவிட்டால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. 'பாஸ்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எனக்கு வராது. என் கையில் ஆட்டினே இல்லை. கிளாவர் மட்டும் ஆறு. அண்ணாச்சி நிஜமாகவே பத்துப் பிடி எடுத்துவிட்டால் அக்கா பாவம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்காவைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, "அஞ்சு கிளாவர்!" என்றேன். அத்தோடு அக்கா போட்ட டபுள் அழிந்தது. அண்ணாச்சி தப்பித்தார். அதுவரை வாய் திறக்காத போஸ்ட்மாஸ்டர் முதல்முதலாக ஒரு டபுள் சொன்னார், எனக்கு.

ஆட்டம் முடிந்து புளியங்கொட்டை டப்பா காலியான பிறகு அக்கா தன் கைச் சீட்டை எடுத்துக் காட்டினார். ஆட்டினில் பெரிய தலைகள் பாதி அவரிடம்தான் இருந்தன. அண்ணாச்சியைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டவன் நான்.

திட்டவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினார். "ஏலே, நான் டபுள் சொல்லிட்டேன்னா அங்கன உனக்கு ஒரு வேலையும் கெடையாது. சீட்டைக் கவுத்தி வச்சிட்டு முறுக்கு தின்னு."

அதிலிருந்து அக்கா டபுள் என்றதும் நான் முறுக்கை வாயில் போட்டுக்கொள்வேன். வாய் நிறைந்திருந்தால்தானே வாய் பேசாது. எனக்குத் தொப்பை விழுந்ததற்கு அவர்தான் காரணம்.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பையில் முறுக்கு வைத்திருந்தேன். டாக்டர் சின்னப் பையன், தங்கமான பையன். "ஒண்ணுமே இல்ல சிஸ்டர். ரெண்டே நாள்ல நடந்து வீட்டுக்குப் போயிருவீங்க" என்றார். அக்கா மணிக்கட்டைத் திருப்பினார். வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். வெறும் மணிக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தக் குரலில், "டபுள்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கு அங்கே வேலை கிடையாது. முறுக்கை எடுத்தேன், கடிக்க வரவில்லை. அவர் சொன்ன டபுள் எதுவும் தோற்றதில்லை. அந்த ஒன்று மட்டும் தோற்றிருக்கலாம்.

ஆனால் அக்கா திரும்பிப் போவதற்கு ஒரு வீடு இருந்தது, பாருங்கள். அதுதான் கதை.

அதற்கு ஒரு நாலு வருஷம் முன்னால், ஆனி மாதம். அண்ணாச்சி சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: "நர்ஸம்மா, இந்த வீட்டை இடிக்கப் போறேன். ஆடி கழிஞ்சு ஆவணி பொறந்ததும் கடப்பாறைதான். கீழ காரு நிறுத்தணும், மேல நாலு மாடி, லிப்டு வேற. நீங்க அதுக்குள்ள ஒரு எடம் பாத்துக்கிட்டா நல்லது."

அக்காவுக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது. தரைத்தள வீடு, பக்கத்திலேயே கோயில், நாலு எட்டில் மருந்துக்கடை. இப்படி ஒன்றை அவர் இந்த வயதில் எங்கே போய்த் தேடுவார்?

உண்மையில் அண்ணாச்சியிடம் நாலு மாடி கட்டச் செங்கல்கூட இல்லை. மாடிக் குளியலறை ஒழுகுவதற்கே வாளி வைத்துத்தான் காலத்தை ஓட்டினார். யாரோ செல்போன் கடைக்காரர் அந்தக் கீழ் வீட்டை நல்ல வாடகைக்குக் கேட்டிருக்கிறார். கூடவே உட்கார்ந்து சீட்டாடுகிற பெண்பிள்ளையிடம், 'காலி பண்ணுங்க' என்று நேராகச் சொல்ல மனுஷருக்கு வாய் வரவில்லை. அதனால் எடுத்ததும் நாலு மாடி. மற்றவர் பேச இடமே வைக்காத பழைய வித்தை.

அக்கா மணிக்கட்டைத் திருப்பினார்.

"ரொம்ப நல்ல காரியம் அண்ணாச்சி. ஆவணி ஒண்ணாந்தேதியே நல்ல நாளுதான். நீங்களும் மயினியும் மாடியில இருந்து எறங்கி எங்க போறிய?"

அண்ணாச்சி அதை யோசிக்கவே இல்லை. "அது... பாக்கணும்" என்றார்.

"பாருங்க. கடப்பாறை விழுதத நான் நாற்காலி போட்டு உக்காந்து பாப்பேன்."

மறுநாள் தெரு பூராவும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். "நம்ம அண்ணாச்சி நாலு மாடி கெட்டுதாரு!" அவ்வளவுதான் செய்தார். மற்றதைத் தெரு செய்தது. கொத்தனார் வந்து அண்ணாச்சிக்குக் கும்பிடு போட்டார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தளம் கேட்டார்கள். கண்ட இடத்திலெல்லாம், "லிப்டு எத்தனை ஆளு ஏத்தும் அண்ணாச்சி?" என்றார்கள். ஆடி மாதக் காற்றில் அண்ணாச்சி வேட்டியோடு சேர்ந்து ஆடினார். அவ்வளவு இளைத்திருந்தார்.

நான் முறுக்கு தின்றுகொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? வண்ணார்பேட்டையில் ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை, திடீரென்று காப்பாற்றினால்தானே பெருமை! ஆவணி ஒண்ணாந்தேதி காலையில் ஒரு குட்டியானை வண்டி, இரண்டு சுமைக்காரர்கள் சகிதம் தெருவுக்குள் நுழைந்தேன்.

தெருவே கூடி நின்றது. கொத்தனார் கடப்பாறையில் சந்தனம் பூசி எலுமிச்சம்பழத்தோடு நின்றார். அக்கா வாசலில் நாற்காலி போட்டு, பிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அப்போதுதான் மாடிப்படி இறங்கி, தொண்டையைச் செருமி, "நர்ஸம்மா, நான் என்ன நெனைக்கேன்னா..." என்று ஆரம்பித்திருக்கிறார். இறங்கி வருகிறார், ஆள் முழுசாக இறங்கி வருகிறார்! அந்த நேரம் பார்த்து என் குட்டியானை ஆரன் அடித்தது.

அண்ணாச்சி முகத்தில் கார்த்திகை விளக்கு எரிந்தது. "அட! வண்டியே வந்துட்டா! நர்ஸம்மா சாமான் ஏத்தவா? பேஷ், பேஷ்!"

அஞ்சு கிளாவர். மறுபடியும் அதே அஞ்சு கிளாவர். பூமி பிளந்தால் வண்டியோடு உள்ளே போயிருப்பேன்.

அப்போது என் மூளையில் பளிச்சென்று ஒன்று உதித்தது. "இது உங்க சாமான ஏத்த வந்த வண்டி அண்ணாச்சி. மாடியைத்தான முதல்ல இடிக்கணும்?" என்று ஒரு போடு போட்டேன். இப்படித்தான் இதுவரை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சொன்னது அக்கா.

"நல்ல வேளை வந்தலே" என்றார், நாற்காலியை விட்டு அசையாமல். "அண்ணாச்சி வீட்டுச் சாமானை ஏத்து. மேல இருந்துதான இடிச்சிட்டு வரணும்? கீழ எனக்கு முறை வர இன்னும் நாளாகும்."

சுமைக்காரர்களுக்கு யார் சாமானாக இருந்தால் என்ன? ஏறிவிட்டார்கள். முதலில் கிரைண்டர் இறங்கியது. பின்னாலேயே மயினி, அண்ணாச்சி சம்சாரம், கையில் தோசைக்கரண்டியோடு.

"ஏங்க! மாவு அரைபட்டுக்கிட்டு இருக்கும்போதே தூக்குதானுவ! இடிக்கதுன்னா உங்க பெயிண்டுக் கடையப் போயி இடிங்க. என் அடுப்படியில எவனாவது கைய வச்சான்..."

அண்ணாச்சி கொத்தனாரைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இந்த வருசம் கெரகம் சரியில்லன்னு ஜோசியரு சொல்லுதாரு" என்றார்.

"அதுவும் சரிதான். அவசரம் என்ன அண்ணாச்சி?" என்று அவருக்கும் ஒரு தம்ளர் சுக்குக் காப்பி ஊற்றினார் அக்கா. "என்னைக்கு இடிக்கதுன்னாலும் சொல்லுங்க. நாற்காலி இங்கனதான் கெடக்கும்."

அன்று சாயங்காலமும் ஆட்டம் இருந்தது. அண்ணாச்சி சீட்டைப் பிரித்தார். "நா..." என்று வாயெடுத்தார். அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தார். "பாஸ்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து போஸ்ட்மாஸ்டரே பார்த்ததில்லை.

வீட்டை இடிக்கிற பேச்சு அதன் பிறகு வரவில்லை. ஆட்டம் கலைந்ததும் அக்கா என்னை மட்டும் இருக்கச் சொன்னார். எல்லோரும் போன பிறகு, வண்ணார்பேட்டை வீட்டைப் பற்றி, குட்டியானையைப் பற்றி, என்னைப் பற்றி ஒன்று சொன்னார். ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. இதில் மட்டும் பொய் கிடையாது. "ஏலே," என்றார், "நீ ஒரு..."

"என்னவே! எழுத்தாளராயிட்டீரா?"

கடை வாசலில் அண்ணாச்சி. காலையில் அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"ஒரு மணி நேரத்துல ஓட்டிக் காட்டுதேன்னு சொன்னீரே?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. கடைசிச் சுத்துதான்."

"அப்படியா? ரொம்ப நல்லது." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீரு பைய உம்ம வேலையைப் பாரும். நான் இங்கன உக்காந்திருக்கேன்."

மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார். இந்த மனுஷர் எப்போதிருந்து வாட்சை உள்பக்கம் கட்ட ஆரம்பித்தார்?

மோட்டாரின் மூடியை நான் இன்னும் கழற்றவே இல்லை. அதன் மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.